'பரவாயில்ல' என்ற பதிலுக்கு எத்தனை மதிப்பெண்?

காலை பத்தரை மணி. வடசென்னையில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய் ஓ.பி. பெஞ்சில் இடமில்லை. காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அக்கா, வயது ஐம்பதைத் தாண்டியவர், மடியில் ஜவுளிக்கடைப் பையோடு உட்கார்ந்திருக்கிறார். பைக்குள் ஃபைல், ஸ்கேன் படம், தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ். இன்று நான்காவது கீமோ. அவர் முறை வருகிறது. "எப்படிம்மா இருக்கீங்க?" என்று டாக்டர் கேட்கிறார். "பரவாயில்ல சார்" என்கிறார் அக்கா. ரத்த ரிசல்ட் சரியாக இருக்கிறது, எடை குறையவில்லை. சீட்டில் கையெழுத்தாகிறது. எல்லாம் மூன்று நிமிடம்.

அப்புறம் அவர் ட்ரிப்ஸுக்குக் காத்திருக்கும்போது நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நோயாளிகளிடம் கேள்வித்தாள் நிரப்புவது என் வேலை. கடந்த ஒரு வாரத்தைப் பற்றி ஒவ்வொரு கேள்வியாகப் படித்தேன். உடுத்திக்கொள்ள, குளிக்க யாராவது உதவ வேண்டியிருந்ததா என்ற இடத்தில் நின்றார். "ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியல கண்ணு. மருமவதான் மாட்டி வுடுறா." விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருக்கிறது. அருவாமனையில் உட்கார்ந்தால் மீன் எங்கே, விரல் எங்கே என்று தெரியவில்லை. இரண்டு மாதமாக மீன் வெட்டவே இல்லை. இதை ஏன் டாக்டரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவரு எப்படி கீறேன்னுதான கேட்டாரு? உசுரோடதான கீறேன். அப்ப பரவாயில்லதான?"

அந்தப் 'பரவாயில்ல'வுக்கும் ஜாக்கெட் கொக்கிக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை அளக்கத்தான் மருத்துவத்தில் ஒரு தனித்துறையே வளர்ந்திருக்கிறது. வீட்டிலிருந்து வந்து சிகிச்சை பெற்றுப் போகிற புற்றுநோயாளி தன் அன்றாட வாழ்க்கையோடு எப்படிப் பொருந்திப் போகிறார் என்பதை எப்படி அளப்பது? இதை முதல்முறையாகக் கேள்விப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், ஓ.பி. நோயாளியை மட்டும் ஏன் தனியாகப் பேச வேண்டும்? வார்டில் படுத்திருப்பவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா, எழுந்து நடந்தாரா என்று நர்ஸ் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஓ.பி. நோயாளிக்கு அப்படி இல்லை. பல கீமோக்கள் 21 நாளுக்கு ஒருமுறை ஏற்றப்படுபவை. அதில் ஒரு நாள் மருத்துவமனையில், மீதி 20 நாள் வீட்டில். ரேடியேஷன், நம் பக்கத்து ஜனங்கள் பேச்சில் 'கரண்ட் வைக்கிறது', பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாள் என்று பல வாரம் போகும். மெஷினில் படுத்திருப்பது சில நிமிடம்தான். எண்ணூரிலிருந்தோ திருவொற்றியூரிலிருந்தோ போய் வருவதுதான் மிச்ச நாள் முழுவதும். ஆக, சிகிச்சையின் பெரும்பகுதி நடக்கிற இடம் சமையலறை, பஸ், குழாயடி, மாடிப்படி. அங்கே டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை.

இன்னொன்று. நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதும், மனிதர் எப்படி நாளை ஓட்டுகிறார் என்பதும் ஒன்றல்ல. ஒரே கட்டத்தில் இருக்கிற ஒரே நோய், ஒரே மருந்து. ஒருவர் மூன்றாம் நாளே கடை திறக்கிறார். இன்னொருவரால் வாசலுக்குக்கூட வர முடிவதில்லை. கட்டியை ஸ்கேன் அளக்கும், ரத்தத்தை லேப் அளக்கும். இந்த வித்தியாசத்தை அளக்க எந்தக் கருவியும் கிடையாது. அவரைத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் மருத்துவம் உடனே அங்கே வந்து சேரவில்லை. 1940-களின் கடைசியில் டேவிட் கார்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும், அப்போது புதிதாக வந்த கீமோ மருந்து நோயாளிக்கு உண்மையில் உதவுகிறதா என்று பார்க்க ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டார்கள். 100 என்றால் எந்தக் குறையும் இல்லை, 0 என்றால் மரணம், நடுவில் பத்துப் பத்தாகப் படிகள். 70 என்றால் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறார், ஆனால் வழக்கமான வேலை செய்ய முடியாது. 50 என்றால் நிறைய உதவி வேண்டும். பின்னால் வந்த 'ஈகாக்' (ஓர் அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வுக் குழுவின் பெயர்ச்சுருக்கம்) அளவு இதை இன்னும் சுருக்கி 0 முதல் 5 வரை ஆக்கியது. அது இப்போதைய வடிவில் அச்சானது 1982-ல். கேஸ் ஷீட்டில் 'பி.எஸ். 1', 'பி.எஸ். 2' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருந்தால், அது இதுதான். பி.எஸ். என்றால் 'பெர்ஃபார்மன்ஸ் ஸ்டேட்டஸ்', செயல்படும் நிலை. 2 என்றால் தன்னைத்தானே பார்த்துக்கொள்வார், வேலைக்குப் போக முடியாது, விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் எழுந்து நடமாடுவார் என்று அர்த்தம்.

இவை இன்றும் தேவைப்படுகின்றன. இந்த உடம்பு அடுத்த கீமோவைத் தாங்குமா என்று முடிவெடுக்க டாக்டருக்கு இந்த ஒரு எண் பெரிய உதவி. ஆனால் எண்ணைப் போடுவது டாக்டர், அதுவும் ஓ.பி. அறையில் நோயாளி நடந்து வருகிற பத்து அடியைப் பார்த்து. டாக்டரைப் பார்க்க வரும்போது யாரும் தலைவாரி, பொட்டு வைத்து, முடிந்தவரை நிமிர்ந்துதான் வருவார்கள். நம் அக்காவுக்கு அன்று எழுதியிருந்தது 'பி.எஸ். 1'. தப்பில்லை. அந்த எண்ணுக்குள் கொக்கிக்கு இடமில்லை, அவ்வளவுதான்.

நோயாளியையே கேட்கிற கேள்வித்தாள்கள் 1980-களிலும் 90-களிலும்தான் உருப்பெற்றன. இன்று உலகம் முழுக்க அதிகம் பயன்படுவதில் ஒன்று, ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஒன்று உருவாக்கிய 'கியூ.எல்.கியூ. சி30'. வெளிவந்த ஆண்டு 1993. பெயரில் இருக்கிறபடியே 30 கேள்விகள். அதே ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'ஃபேக்ட்' கேள்வித்தாளின் இப்போதைய பொதுப் பகுதியில் 27 கேள்விகள். இரண்டுக்கும் தமிழ் வடிவம் உண்டு. இரண்டும் பெரும்பாலும் கேட்பது கடந்த ஏழு நாளைப் பற்றித்தான்.

மதிப்பெண் எப்படி வருகிறது என்று ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிட்டால் பாதி பயம் போய்விடும். சி30-ல் உடல் செயல்பாட்டுக்கு ஐந்து கேள்விகள்: கனமானதைத் தூக்குவது போன்ற கடினமான வேலையில் சிரமம் உண்டா, நீண்ட தூரம் நடப்பதில் சிரமமா, வீட்டுக்கு வெளியே கொஞ்ச தூரம் நடப்பதில் சிரமமா, பகலில் படுக்கையிலோ நாற்காலியிலோ இருக்க வேண்டியிருக்கிறதா, சாப்பிட, உடுத்த, குளிக்க, கழிப்பறை போக உதவி வேண்டுமா. ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்கள். தோராயமாகச் சொன்னால், இல்லவே இல்லை 1, கொஞ்சம் 2, ஓரளவு அதிகம் 3, மிக அதிகம் 4.

அக்காவின் பதில்கள் வரிசையாக 3, 3, 1, 2, 2. கூட்டினால் 11. ஐந்தால் வகுத்தால் 2.2. அதில் 1 கழித்தால் 1.2, மூன்றால் வகுத்தால் 0.4. இது சிரமத்தின் பங்கு. 1-லிருந்து அதைக் கழித்தால் 0.6. நூறால் பெருக்கினால் 60. ஆக, அவருடைய உடல் செயல்பாட்டு மதிப்பெண் 60. இந்த வகைக் கேள்விகளில் எண் கூடினால் நல்லது. ஆனால் வலி, வாந்தி, அசதி போன்ற அறிகுறிக் கேள்விகளில் எண் கூடினால் மோசம். ஒரே தாளில் இரண்டும் இருப்பதால் புதிதாகப் படிக்கிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். அசதி 78 என்பதைப் பார்த்துவிட்டு 'நல்ல மார்க்' என்று நினைத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, அடுத்த முறை 60 என்பது 67 ஆனால் தேறிவிட்டார் என்று அர்த்தமா? ஐந்து கேள்விகளில் ஒன்றே ஒன்றில் ஒரு படி மாறினாலே ஏறக்குறைய 7 புள்ளி நகர்ந்துவிடும். அன்று காலை நல்ல தூக்கம் கிடைத்திருந்தாலே அது நடக்கும். 1998-ல் நோயாளிகளிடமே 'உங்களுக்கு மாற்றம் தெரிந்ததா' என்று கேட்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 5 முதல் 10 புள்ளி மாறியவர்கள் 'கொஞ்சம்' என்றார்கள், 10 முதல் 20 வரை மாறியவர்கள் நடுத்தரமான மாற்றம் என்றார்கள், 20-க்கு மேல் போனவர்கள் பெரிய மாற்றம் என்றார்கள். அதனால் பொதுவாக 10 புள்ளியைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்கிறார்கள். எண்ணை அடுத்தவர் எண்ணோடு ஒப்பிடுவதைவிட, அதே ஆளின் போன மாத எண்ணோடு ஒப்பிடுவதுதான் ஓ.பி.யில் பயன் தரும் என்பது என் அனுபவம்.

இப்போது தராசுக்கு வருவோம். கேள்வித்தாளை நம்பலாமா என்று பார்க்க ஆராய்ச்சியாளர்கள் இரண்டு விஷயம் பார்ப்பார்கள்: நம்பகம், பொருத்தம். காசிமேடு மீன் மார்க்கெட்டில் விடியற்காலையில் நின்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே கூடையை மூன்று முறை நிறுத்தாலும் 5 கிலோ காட்டினால் தராசு நம்பகமானது. ஆனால் கூடைக்குள் ஒரு கிலோ ஐஸ் இருந்தால்? தராசு பொய் சொல்லவில்லை. நீங்கள் நிறுக்க நினைத்தது மீனை, அது நிறுத்தது மீனும் ஐஸும் சேர்த்து. அதுதான் பொருத்தமின்மை. முதலாவதைச் சோதிக்கச் சில நாள் கழித்து அதே ஆளிடம் மறுபடி கேட்பார்கள். ஒரே விஷயத்தைக் கேட்கிற கேள்விகளுக்கு வரும் பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று 'கிரான்பாக் ஆல்ஃபா' என்ற கணக்கிலும் பார்ப்பார்கள். அது 0.7-க்கு மேல் வந்தால் பரவாயில்லை என்பது வழக்கம். இது கணக்குப் போட்டால் வந்துவிடும். ஐஸைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

மனச்சோர்வை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக மனச்சோர்வைக் கண்டுபிடிக்கப் பசியில்லையா, தூக்கமில்லையா, எடை குறைந்ததா, சோர்வாக இருக்கிறதா என்று கேட்பார்கள். கீமோ ஏறுகிற யாருக்கும் இதெல்லாம் இருக்கும். அத்தனையும் ஐஸ். இதற்காகவே 1983-ல் ஸிக்மண்ட், ஸ்னெய்த் என்ற இருவர், உடம்பு நோயால் வரக்கூடிய அறிகுறிகளை ஒதுக்கிவிட்டு 14 கேள்விகளில் ஓர் அளவுகோல் செய்தார்கள். பதற்றத்துக்கு 7, மனச்சோர்வுக்கு 7. ஒவ்வொரு ஏழின் கூட்டும் 0 முதல் 21 வரை. 11-ஐத் தொட்டால் மனநல மருத்துவரிடம் பேசுவது நல்லது. இதைவிடச் சுருக்கமாக, தெர்மாமீட்டர் படம் போட்டு 0 முதல் 10 வரை 'மன உளைச்சல் எவ்வளவு' என்று ஒரே கேள்வி கேட்கிற முறையும் உண்டு. 4 அல்லது அதற்கு மேல் வந்தால் உட்கார்ந்து பேசு என்பது அதன் விதி. கூட்டமான ஓ.பி.யில் எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

ஆனால் ஐஸ் வெளியூரிலிருந்து வருகிற கேள்வியின் சொற்களிலும் இருக்கும். சி30-ன் முதல் கேள்வியில் கனமான பொருளுக்கு உதாரணமாக வருவது கடையில் சாமான் வாங்கிய பையும் சூட்கேஸும். வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒரு பெண்ணின் நாளில் சூட்கேஸ் எங்கே வரப்போகிறது? அவளுக்குக் கனம் என்றால் தண்ணீர்க் குடம். லாரி வந்து நின்றதும் குடத்தை இடுப்பில் ஏற்றி மூன்று மாடி ஏறுவது. மார்பில் ஆபரேஷன் செய்து, அக்குளில் நெறிக்கட்டி எடுத்தவருக்கு அந்தக் கையால் குடம் தூக்குவது என்ன மாதிரி இருக்கும் என்று யோசியுங்கள்.

'அப்போ குடம் என்று மாற்றிவிடுங்களேன்' என்பீர்கள். என் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. ஒரு வார்த்தை மாறினாலும் எண்ணின் பொருள் மாறிவிடும், அப்புறம் வேறு இடத்து எண்ணோடு ஒப்பிட முடியாது. அதனால் மொழிபெயர்ப்பை ஒரு முறையோடு செய்வார்கள். இருவர் தனித்தனியே தமிழாக்குவார்கள், இரண்டையும் சேர்த்து ஒன்றாக்குவார்கள், மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார், அப்புறம் சில நோயாளிகளிடம் படித்துக் காட்டி 'இதற்கு நீங்கள் என்ன புரிந்துகொண்டீர்கள்' என்று கேட்பார்கள். நான் செய்வது, எழுதியிருப்பதை எழுதியபடியே படித்துப் பதிலை வாங்கிவிடுவேன். அப்புறம் "வீட்ல தண்ணி யாரு புடிக்கிறாங்க?" என்று தனியாகக் கேட்டு ஓரத்தில் குறித்துக்கொள்வேன். அந்த ஓரக் குறிப்புகளில் இருப்பதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லவும் செய்கிறேன்.

இந்தத் தண்ணீர்க் கேள்வி எனக்கு ஒரு பெரிய விஷயத்தைக் கற்றுக்கொடுத்தது. முடியவில்லை என்பது வேறு, விடவில்லை என்பது வேறு. புளியந்தோப்பில் ஒரு பாட்டியின் கையிலிருந்து துடைப்பத்தைக்கூடப் பிடுங்கிவிடுகிறார்கள் மகள்கள். "நீ சும்மா உக்காரும்மா." தாளில் வீட்டு வேலை செய்வதில்லை என்று விழுகிறது. அவரால் முடியும், அவருக்கு ஆசையும் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் இன்னொரு அம்மா. கணவர் இல்லை, பையன் வேலைக்குப் போகிறான். கீமோ ஏறிய மறுநாளே சுவரைப் பிடித்துக்கொண்டு சமைக்கிறார். தாளில் அவர் எல்லா வேலையும் செய்கிறார், உயர்ந்த மதிப்பெண். எண்களை மட்டும் பார்த்தால் இவர் நன்றாகப் பொருந்திப் போய்விட்டார், பாட்டி பொருந்தவில்லை. எனக்கென்னவோ உதவி முதலில் போய்ச் சேர வேண்டியது இந்த அம்மாவுக்குத்தான் என்று படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2001-ல் வெளியிட்ட செயல்பாட்டு வகைப்பாட்டில், ஒருவரால் என்ன முடியும் என்பதையும் அவர் வாழும் சூழலில் என்ன செய்கிறார் என்பதையும் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கேள்வித்தாளைப் படிக்கிற ஒவ்வொருவரும் இந்தப் பிரிவை மனதில் வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அடுத்து, எப்போது கேட்கிறோம்? இதை எவ்வளவு சொன்னாலும் தகும். 21 நாள் கீமோவில் வாந்தியும் கடும் அசதியும் பெரும்பாலும் முதல் சில நாட்களில். வாந்தி வராமல் இருக்கக் கொடுக்கிற ஸ்டீராய்டு முதல் ஓரிரு நாள் ஒரு பொய்த் தெம்பு தரும், அது இறங்கியதும் ஆள் சுருண்டு விடுவார். பல மருந்துகளில் ரத்த வெள்ளை அணுக்கள் மிகக் குறைவது ஏறக்குறைய 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாளுக்குள். மூன்றாவது வாரத்தில் உடம்பு தேறி, வாய்க்கு ருசி திரும்பி, மனிதர் பழையபடி ஆகிறார். அந்த 21-ஆம் நாள்தான் அடுத்த கீமோவுக்கு ஓ.பி.க்கு வருகிறார். அன்றைக்கு நான் 'கடந்த ஏழு நாள்' என்று கேட்டால் எதைக் கேட்கிறேன்? இருக்கிற மூன்று வாரங்களில் நல்ல வாரத்தை. பாத்ரூம் வாசலில் உட்கார்ந்தே விடிந்த இரவு, சாம்பார் வாசனைக்கே குமட்டிய மதியம், எதுவும் என் தாளில் விழாது. எல்லோரும் நன்றாக இருப்பதாகவே கணக்கு வரும்.

இதற்கு வழி, மருத்துவமனையின் காலண்டரை விட்டுவிட்டு நோயாளியின் காலண்டரில் கேட்பது. ஐந்தாம் நாள் ஒரு போன், பத்தாம் நாள் ஒரு போன். இதன் பலன் என்ன என்று கேட்கிறவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்லலாம். நியூயார்க்கில் ஒரு பெரிய புற்றுநோய் மருத்துவமனையில், நோய் பரவிய நிலையில் ஓ.பி.யில் கீமோ எடுத்த 766 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதிக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பகுதி தங்கள் அறிகுறிகளைத் தாங்களே கணினியில் பதிந்தார்கள், அதில் ஏதாவது மோசமானால் நர்ஸுக்கு உடனே செய்தி போனது. 2017-ல் வெளியான முடிவின்படி, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 26 மாதம், அறிகுறியைப் பதிந்தவர்களுக்கு 31.2 மாதம். புது மருந்து எதுவும் இல்லை. சொன்னார்கள், சொன்னதைக் காதில் வாங்கினார்கள். இந்த எண்ணை முதன்முதலில் படித்த அன்று எனக்கு என் வேலையின் மேல் இருந்த எண்ணமே மாறிப்போனது.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சி30-ல் பணக் கஷ்டத்துக்கு ஒரே ஒரு கேள்விதான். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைச் செலவு சேரலாம், ஆனால் கூட வருகிறவரின் நாள் கூலி போவது யார் கணக்கில்? ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் காசிமேட்டில் ஒரு குடும்பத்தின் பணக் கஷ்ட மதிப்பெண் ஏறினால் அது நோயாலா, தடையாலா? தாளுக்குத் தெரியாது. தேதியையும் தொழிலையும் பார்க்கிற மனிதருக்குத்தான் தெரியும்.

யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதும் பதிலை மாற்றும். டெரோகாடிஸ் என்பவர் உருவாக்கிய ஓர் அளவுகோல், நோய்க்குப் பொருந்திப் போவதை 46 கேள்விகளில் ஏழு பகுதியாகக் கேட்கிறது: மருத்துவத்தின் மேல் உள்ள மனப்பாங்கு, வேலை, வீடு, தாம்பத்தியம், உறவினர், வெளி உலகம், மன உளைச்சல். நல்ல வரிசை. ஆனால் மாமியார் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் உட்கார்ந்திருக்கும்போது தாம்பத்தியக் கேள்வியை எப்படிப் படிப்பது? நம் ஓ.பி.யில் பலருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது, நான்தான் சத்தமாகப் படிக்க வேண்டும். டீ வாங்கிவரச் சொல்லி உறவினரை அனுப்பிவிட்டுக் கேட்பேன். சிலர் கண்ணால் மட்டும் பதில் சொல்வார்கள். இதைவிடக் கவலையான ஒன்று, சில வீடுகளில் நோயாளியிடம் 'கட்டி' என்றுதான் சொல்லி வைத்திருப்பார்கள். சில தாள்களின் பெயரிலேயே புற்றுநோய் என்று இருக்கும். அவருக்குத் தெரியுமா என்று முதலில் விசாரிக்காமல் நான் எந்தத் தாளையும் நீட்டுவதில்லை. ஓர் அளவெடுப்பு ஒருவருக்குத் தீர்ப்புச் சொல்வதாக ஆகிவிடக் கூடாது.

இன்னொரு விசித்திரம், பழகிப்போவது. முதல் கீமோவில் அசதி 'மிக அதிகம்' என்றவர், ஐந்தாவதில் அதைவிட மோசமாக இருந்தும் 'கொஞ்சம்' என்பார். ஏமாற்றவில்லை. அவருக்குள் இருக்கிற அளவுகோலே நீண்டுவிட்டது. முன்பு அசதி என்றால் மதியம் கண் சொக்குவது, இப்போது அசதி என்றால் எழுந்து உட்கார முடியாதது. இதை அளவு நகர்வு என்று சொல்லி, கழித்துப் பார்க்கவும் ஆராய்ச்சியாளர்கள் வழிகள் வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று, 'இப்போது திரும்பிப் பார்த்தால் அன்றைக்கு எப்படி இருந்தீர்கள்' என்று கேட்பது. இதை முழுக்கப் பிழை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. நோயோடு பொருந்திப் போவது என்பதில் பாதி இதுதானே.

வீட்டில் யாராவது சிகிச்சையில் இருந்தால் நீங்களே செய்யக்கூடிய ஒன்று உண்டு, கேள்வித்தாள் வேண்டாம். தினசரி காலண்டர் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். அதன் பின்பக்கத்தில் கீமோ ஏறி எத்தனையாவது நாள் என்று எழுதுங்கள். அசதி 0 முதல் 10-க்குள் எவ்வளவு என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். அவருக்கு முக்கியமான ஒரு வேலை, கோலம் போடுவதோ கடைக்குப் போவதோ பேரனைப் பள்ளிக்கு விடுவதோ, இன்று நடந்ததா இல்லையா என்று ஒரு டிக் போடுங்கள். அடுத்த ஓ.பி.க்கு அந்தத் தாள்களை ரப்பர் பேண்டு போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். காய்ச்சல் மட்டும் விதிவிலக்கு. கீமோவில் இருப்பவருக்கு 100.4 டிகிரியைத் தொட்டால் எழுதி வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம், இரவானாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

நம் அக்காவின் விஷயத்தை அன்றே டாக்டரிடம் சொன்னேன். அவர் கேஸ் ஷீட்டை வாங்கி, விரல்களைத் தொட்டுப் பார்த்து, ஒரு பட்டனைக் கையில் கொடுத்து உருட்டச் சொன்னார். மரத்துப்போவது அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு. அளவைக் குறைத்தார். மரப்பு உடனே போகவில்லை, மாதக்கணக்கில் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தவர் என்னைப் பார்த்ததும் தானாகவே வந்து உட்கார்ந்தார். மார்க்கெட்டுக்குப் போக ஆரம்பித்துவிட்டார். அவருடைய அக்கா மகள் அருவாமனையில் உட்கார்ந்து வெட்டுகிறாள், இவர் விலை சொல்லி, காசு வாங்கிப் போடுகிறார். வேலை செய்வதில் தடை இருந்ததா என்ற கேள்வியைப் படித்தேன்.

"இதுக்கு இன்னா போடுவ?"

"நீங்கதான் சொல்லணும்க்கா."

கொஞ்ச நேரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொஞ்சம்னு போடு. வெட்டுறது வேற, விக்கிறது வேறன்னு ஓரமா எழுதிக்க." எழுதிக்கொண்டேன்.